ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசிதழ் அச்சிலிருந்து இணையத்துக்கு வந்த கதை

நூலகவியல் படிக்கும் ஒருவர் கேட்டது இது: "ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசிதழ் 1998-லேயே இணையத்தில் வந்துவிட்டது. ஆனால் மின்பதிப்புக்குச் சட்ட மதிப்பு கிடைத்தது 2013-ல்தான் என்கிறார்கள். நடுவில் பதினைந்து ஆண்டுகள் என்ன செய்தார்கள்? இதழை பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் வேலை முடிந்ததுதானே? எங்கள் நூலகத்தில் பழைய கட்டுகள் இருக்கின்றன. அவற்றை இனி வைத்திருக்க வேண்டுமா?"

நல்ல கேள்வி. பிடிஎஃப் ஆக்கி ஏற்றுவது இந்த வேலையில் மிக எளிதான பகுதி. அச்சிட்ட இதழ் ஒன்று சத்தமில்லாமல் பல வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. ஒரு சட்டம் எந்த நாளில் பிறந்தது என்று சொன்னது. அதன் வாசகம் இதுதான், இனி மாறாது என்று உறுதி கொடுத்தது. எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே முகவரி தந்தது. காகிதத்தை விடும்போது இவை ஒவ்வொன்றையும் வேறு வழியில் கட்டியாக வேண்டும். அதற்குத்தான் அத்தனை ஆண்டுகள் ஆயின.

முதலில் இந்த இதழைப் பற்றி. நம் நாட்டு அரசிதழ் போன்றதுதான், ஆனால் பல நாடுகளுக்கு, பல மொழிகளில். நிலக்கரி எஃகுச் சமூகம் என்று ஆறு நாடுகள் கூடித் தொடங்கிய அமைப்புக்காக 1952 டிசம்பர் 30 அன்று முதல் இதழ் வந்தது. 1968-ல் இரண்டாகப் பிரித்தார்கள்: சட்டங்களுக்கு எல் வரிசை, அறிவிப்புகளுக்கும் தகவல்களுக்கும் சி வரிசை. அரசு ஒப்பந்தப்புள்ளிகளுக்கு எஸ் வரிசை என்று ஒன்று பின்னால் சேர்ந்தது. ஒன்றியத்தின் அமைப்பைத் திருத்திய நைஸ் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2003 பிப்ரவரியில்தான் 'ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசிதழ்' என்ற இப்போதைய பெயர். வெளியிடுவது லக்சம்பர்க்கில் உள்ள வெளியீட்டு அலுவலகம். நான்கு மொழிகளில் தொடங்கியது இன்று 24 மொழிகளில் வருகிறது.

இந்த இதழில் ஒன்று வெளியாகாவிட்டால் அது குடிமக்களைக் கட்டுப்படுத்தாது. ஒன்றியத்தின் ரெகுலேஷன் எந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் போகாமல் நேரடியாக ஒருவர் மீது பாயும் சட்டம். அதனால் அதைப் படிக்க வழி இருந்ததா, எந்த நாளிலிருந்து இருந்தது என்பது வெறும் அலுவலக விவரம் இல்லை. அபராதம் கட்ட வேண்டுமா வேண்டாமா என்பதையே அது தீர்மானிக்கும்.

தேதி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதழின் முகப்பில் ஒரு தேதி அச்சாகும். ஆனால் அந்த நாளில் இதழ் உண்மையில் வெளியே வந்ததா? ராக்கே என்ற ஜெர்மன் ஒயின் இறக்குமதி நிறுவனத்தின் வழக்கில் 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது: முகப்புத் தேதியே வெளியான தேதி என்று கொள்ளலாம், ஆனால் இதழ் உண்மையில் கிடைத்த நாள் வேறு என்று நிரூபித்தால் அந்த நாள்தான் கணக்கு. இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஓப்பல் நிறுவனத்தின் ஆஸ்திரிய ஆலை தயாரித்த கியர்பாக்ஸ்களுக்கு வரி விதித்த ரெகுலேஷன் ஒன்று 1993 டிசம்பர் 31 தேதியிட்ட இதழில் வந்தது. அந்த இதழ் மக்கள் கைக்குக் கிடைத்ததோ 1994 ஜனவரி 11-ல். நடுவில் ஜனவரி 1-ல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் அமலுக்கு வந்திருந்தது, அப்படிப்பட்ட வரிக்கு அதில் இடமில்லை. தெரிந்தே முன்தேதி இட்டிருக்கிறார்கள் என்று 1997-ல் ஒன்றியத்தின் முதல்நிலை நீதிமன்றம் கண்டித்தது, ரெகுலேஷனும் ரத்தானது. காகிதம் என்றாலே நம்பகம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன்.

அடுத்து பக்கம். அச்சுக் காலத்தில் இந்த இதழில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. எந்த மொழிப் பதிப்பை எடுத்தாலும் ஒரு சட்டம் அதே இதழில், அதே பக்கத்தில் தொடங்கும். கிரேக்கத்தில் 14-ஆம் பக்கத்தில் இருக்கும் விதி டேனிஷிலும் 14-ஆம் பக்கத்தில் இருக்கும். மொழிக்கு மொழி வாக்கியத்தின் நீளம் மாறும், அப்படியும் பக்கம் பிசகாமல் அச்சுக் கோத்தார்கள். இதனால் ஏதென்ஸ் வழக்கறிஞர் எழுதிய அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு கோபன்ஹேகன் நீதிபதி நேராக அந்த இடத்துக்குப் போக முடிந்தது. ஜிடிபிஆர் எனப்படும் ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உலகம் முழுக்க "எல் 119, 4.5.2016, பக்கம் 1" என்று மேற்கோள் காட்டியது இந்த முறையில்தான்.

மூன்றாவது, தேடுவது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆயிரக்கணக்கான இதழ்களை அடுக்கி வைத்தால் மட்டும் போதாது. ஒரு சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறதா, எது அதைத் திருத்தியது, எது ரத்து செய்தது என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்காக நடைமுறையில் உள்ள சட்டங்களின் அடைவு என்று தனித் தொகுதிகள் அச்சில் வந்தன. பொருள்வாரியாக இருபது அத்தியாயங்கள்: சுங்கம் இரண்டாவது, விவசாயம் மூன்றாவது, மீன்வளம் நான்காவது, இப்படி. ஐரோப்பிய ஆவண மையம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் 1963 முதல் உருவான நூலகங்களில், வாசகர் வந்து கேட்டால் நூலகர் முதலில் கை வைப்பது இந்த அடைவில்தான்.

அந்த அடைவு தொகுக்கப்பட்டதே ஒரு கணினித் தரவுத்தளத்திலிருந்து. செலெக்ஸ் என்ற அந்தத் தளத்தை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1970-களின் தொடக்கத்தில் தன் சட்டப் பிரிவின் உள்வேலைக்காக அமைத்தது. 1981-ல் வெளியாருக்கும் திறந்தது. ஆக, இணையம் வருவதற்கு வெகு முன்பே இந்தச் சேவையின் மூளை கணினிக்குள் போயிருந்தது, காகிதம் அதன் ஒரு வெளிப்பாடாக இருந்தது. அச்சுச் சேவை ஒன்றை இணையத்துக்குக் கொண்டுபோக நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பக்கங்களைப் பற்றிக் கவலைப்படும் முன், அந்தப் பக்கங்களைப் பற்றிய குறிப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செலெக்ஸ் எண்ணை ஒருமுறை புரிந்துகொண்டால் அதன் அழகு தெரியும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எண் 32016ஆர்0679. முதலில் வரும் 3 என்பது சட்டங்களின் பிரிவு. 1 என்றால் ஒப்பந்தங்கள், 6 என்றால் தீர்ப்புகள், 5 என்றால் சட்டமாகும் முன் வரும் வரைவுகளும் முன்மொழிவுகளும். அடுத்து 2016 ஆண்டு. ஆர் என்ற எழுத்து ரெகுலேஷன் என்பதற்கு. கடைசியில் வரிசை எண். இந்த எண்ணில் மொழி இல்லை, பக்கம் இல்லை, இணைய முகவரி இல்லை. அதனால்தான் மென்பொருள் பலமுறை மாறியும், தளம் பலமுறை மாறியும் எண் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதன் சட்ட அடிப்படை, அமலுக்கு வந்த நாள், முடிந்த நாள், திருத்தியவை, திருத்தப்பட்டவை என்று ஆட்கள் உட்கார்ந்து படித்துப் பதிந்தார்கள். இதற்குத் துணையாக யூரோவாக் என்ற பன்மொழிச் சொற்களஞ்சியமும் 1980-களில் உருவானது. ஒரு மொழியில் பொருள் தலைப்பைக் கொடுத்தால் மற்ற மொழி ஆவணங்களையும் அது பிடித்துத் தரும். ஒன்றியத்தின் சட்ட இணையதளமான யூர்-லெக்ஸில் இன்று ஒரு சட்டத்தைத் திறந்து, எவை இதைத் திருத்தின என்று ஒரு சொடுக்கில் பார்க்கிறோமே, அதன் பின்னால் இருப்பது பல பத்தாண்டு மனித உழைப்பு.

ஆனால் செலெக்ஸ் காசு கட்டிப் பார்க்கும் தளம், பழகாதவருக்குக் கடினமானதும் கூட. எனவே 1998-ல் யூர்-லெக்ஸ் என்ற திறந்த இணையதளம் வந்தது. அதே ஆண்டு எஸ் வரிசை அச்சுப் பதிப்பையே நிறுத்திவிட்டு ஒப்பந்தப்புள்ளிகள் முழுக்க மின்வடிவத்துக்குப் போயின. அது எளிதாக நடந்தது, ஏனென்றால் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புக்குச் சில வார ஆயுள்தான், தேடல் வசதி வேண்டியவர்களோ வணிகர்கள். எது முதலில் காகிதத்தை விடலாம் என்பதற்கு நல்ல உதாரணம் இது. சட்டங்களின் கதை அப்படி இல்லை. 2004-ல் செலெக்ஸை இலவசமாக்கி யூர்-லெக்ஸோடு இணைத்தார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் ஒரு காசு கொடுக்காமல் படிக்கலாம் என்றானது. அப்படியும் அது சட்டப்படி 'வெளியீடு' ஆகவில்லை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அதே 2004-ல் தெரிய வந்தது.

அந்த ஆண்டு மே 1-ல் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. ஒன்பது புதிய மொழிகள். ஏற்கனவே நடைமுறையில் இருந்த அத்தனை சட்டங்களையும் அந்த ஒன்பது மொழிகளில் பெயர்த்து, சிறப்புப் பதிப்பாக அச்சிட வேண்டும். வேலை நேரத்துக்கு முடியவில்லை. மொழிபெயர்ப்புகள் இணையத்தில் கிடைத்தன, அச்சில் இல்லை. அப்போதுதான் செக் குடியரசில் ஒயின் இறக்குமதி செய்யும் ஸ்கோமா-லுக்ஸ் என்ற நிறுவனத்துக்கு ஓலோமோட்ஸ் சுங்க அலுவலகம் அபராதம் போட்டது. நிறுவனம் எழுப்பிய கேள்வி நேரடியானது: நான் எந்தச் சட்டத்தை மீறியதாகச் சொல்கிறீர்களோ, அது செக் மொழியில் அரசிதழில் வரவே இல்லையே, அது எப்படி என்னைக் கட்டுப்படுத்தும்?

அரசுத் தரப்பு சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. சர்வதேச வணிகம் செய்யும் நிறுவனத்துக்குச் சுங்க விதி தெரியாதா? இணையத்தில்தான் இருக்கிறதே? 2007 டிசம்பர் 11-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மக்கள் இணையத்தில் சட்டம் படிப்பது பெருகிவருவது உண்மைதான். ஆனால் இணையத்தில் கிடைக்கச் செய்வது அரசிதழில் வெளியிடுவதற்கு ஈடு என்று ஒன்றியச் சட்டத்தில் எங்கும் விதி இல்லை. எனவே அந்த மொழியில் வெளியாகாத சட்டத்தை அந்த நாட்டுக் குடிமக்கள் மீது பாய்ச்ச முடியாது. சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டம் இருக்கிறது, அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது, ஆனால் தன் மொழியில் முறையாக அறிவிக்கப்படாத ஒருவர் மீது அதைச் சுமத்த முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். இணையத்தை எதிர்த்த தீர்ப்பு என்று சிலர் இதைப் படிக்கிறார்கள், அது சரியில்லை. நீதிமன்றம் குறை சொன்னது விதி இல்லாததை. விதி போடுங்கள், அப்புறம் மின்பதிப்பும் வெளியீடுதான் என்பது அதில் அடங்கியிருக்கிறது. ஒரு சாதாரண வணிகரின் பக்கம் நின்று, உனக்கு உன் மொழியில் சொல்லாமல் உன்னைத் தண்டிக்க முடியாது என்று அடித்துச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கு ஒன்றே கால் ஆண்டு கழித்து, 2009 மார்ச்சில், இன்னொரு தீர்ப்பு. வியன்னா விமான நிலையத்தில் 2005-ல் ஒரு பயணியை டென்னிஸ் மட்டைகளோடு விமானத்தில் ஏறிவிட்டார் என்று இறக்கிவிட்டார்கள். விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியல் ஒரு ரெகுலேஷனின் இணைப்பில் இருந்தது, அந்த இணைப்போ ரகசியம் என்று அரசிதழில் வெளியிடப்படவில்லை. வெளியிடாத பட்டியல் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம்.

இந்தப் பின்னணியில்தான் 2013 மார்ச் 7-ல் 216/2013 என்ற ரெகுலேஷன் நிறைவேறியது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களில் இதற்கென நேரடி அதிகாரம் எதுவும் தரப்படவில்லை. எனவே வேறு வழியில்லாதபோது பயன்படுத்தும் 352-ஆம் விதியைக் கையில் எடுத்தார்கள். அதற்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். அப்போது உறுப்பு நாடாக இருந்த பிரிட்டன் அத்தகைய சம்மதத்தைத் தர உள்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது, 2013-ல் போட்டது. ஓர் இதழ் காகிதத்தை விட்டுத் திரைக்குப் போக இத்தனை பேர் கையைத் தூக்க வேண்டியிருந்தது. நடுவில் என்ன செய்தார்கள் என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது.

2013 ஜூலை 1 முதல் மின்பதிப்பு மட்டுமே அசல், அதற்கு மட்டுமே சட்ட விளைவு. குரோஷியா ஒன்றியத்தில் சேர்ந்ததும் அதே நாள். அசலை உறுதி செய்ய ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்னொப்பமோ மின்முத்திரையோ இடுகிறார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்க்கும்போது அது பொருந்தாது. கணினி அமைப்புகள் எதிர்பாராமல் முடங்கி மின்பதிப்பை வெளியிட முடியாமல் போனால், அந்த நாள் அச்சுப் பதிப்பே அசல் என்றும் ரெகுலேஷனில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காலாவதியாகாத கோப்பு வடிவத்தில், கால வரம்பில்லாமல், இலவசமாக மக்கள் பார்க்கக் கிடைக்கச் செய்வது வெளியீட்டு அலுவலகத்தின் கடமை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இணையதளம் நடத்தும் எத்தனை அமைப்புகள் இப்படி ஒரு கடமையைச் சட்டமாகத் தங்கள் மேல் போட்டுக்கொண்டிருக்கின்றன? 'இந்தப் பக்கம் இல்லை' என்ற செய்தியோடு பழைய அறிக்கைகள் காணாமல் போவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பிழைதிருத்தத்திலும் அச்சின் ஒழுக்கத்தை விடவில்லை. இணையத்தில் பிழை கண்டால் சத்தமில்லாமல் திருத்திவிடும் ஆசை யாருக்கும் வரும். அரசிதழில் அதற்கு அனுமதி இல்லை. வெளியானது வெளியானபடி நிற்கும். பிழை இருந்தால் திருத்த அறிவிப்பு தனியே, தன் சொந்தத் தேதியோடு வரும். 2016-ல் வெளியான தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2018 மே 23-ல் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது, சட்டம் அமலாவதற்கு இரண்டு நாள் முன்பு. திருத்தங்களையெல்லாம் உள்ளே சேர்த்த ஒருங்கிணைந்த வடிவமும் யூர்-லெக்ஸில் கிடைக்கும். தினசரி வேலைக்கு அதுதான் வசதி. ஆனால் அதன் தலையிலேயே எழுதியிருப்பார்கள், இதற்குச் சட்ட மதிப்பு இல்லை என்று. மாணவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படிக்க ஒருங்கிணைந்த வடிவம், மேற்கோளுக்கு அசல் இதழ் என்று பழகிக்கொள்ளுங்கள்.

2013-க்குப் பிறகும் பத்து ஆண்டுகள், திரையில் இருந்தாலும் அது அச்சு இதழின் உருவத்திலேயே இருந்தது. அதே இதழ் எண், அதே பக்க எண், பல சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே இதழ். 2023 அக்டோபர் 1 முதல் அதையும் மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாக வெளியாகிறது. பக்க எண் மேற்கோளிலிருந்து போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை "எல் வரிசை, 2024/1689, 12.7.2024" என்றுதான் குறிக்கிறார்கள், கூடவே நிலையான இணைய முகவரி ஒன்று. சட்டத்தின் வகையும் ஆண்டும் எண்ணும் அந்த முகவரியிலேயே இருக்கும், அதனால் எண் தெரிந்தால் முகவரியை நீங்களே எழுதிவிடலாம்.

இந்தக் கடைசி மாற்றம் தேவையானதுதான். ஓர் இதழில் ஒரு சட்டம் தாமதமானால் மற்றவையும் காத்திருந்த நிலை போனது. இருந்தாலும் ஓர் இழப்பும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதழைக் கையில் எடுத்துப் புரட்டியவருக்குத் தான் தேடாததும் கண்ணில் படும். மீன்பிடி ஒதுக்கீட்டைத் தேடப் போனவர் பக்கத்திலேயே இறக்குமதி உணவில் மருந்து எச்சம் பற்றிய முடிவைப் பார்ப்பார். இலங்கைக்கான ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ளும் ரெகுலேஷன் 2010 பிப்ரவரியில் நிறைவேறி, ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. கொழும்பில் ஆடை ஏற்றுமதி செய்தவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. ஆனால் அரசிதழில் அது மற்ற அறிவிப்புகளுக்கு நடுவில் இன்னொரு தலைப்பு. இன்று அன்றைய பட்டியலைத் திறந்து தலைப்புகளை வரிசையாகப் பார்க்கும் வசதி யூர்-லெக்ஸில் இருக்கிறது, பொருள்வாரியாக எச்சரிக்கை பெறவும் வழி உண்டு. நூலகர்கள் வாசகர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். தேடல் பெட்டியை மட்டும் காட்டி அனுப்பினால், தெரிந்ததை மட்டுமே தேடும் ஆட்களைத்தான் உருவாக்குவோம்.

சரி, உங்கள் பழைய கட்டுகள். 1952 முதலான இதழ்களை வருடி (ஸ்கேன் செய்து) யூர்-லெக்ஸில் ஏற்றிவிட்டார்கள், படிப்பதற்கு அவை போதும். ஆனால் 2013 ஜூலை 1-க்கு முன் வெளியான எதற்கும் அசல் அச்சுப் பதிப்பே. வருடிய பிரதியில் ஒரு புள்ளியோ இலக்கமோ தெளிவில்லை என்றால் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். எனவே எல் வரிசையைக் கழிக்கும் முன் உங்கள் வட்டாரத்தில் வேறு எந்த நூலகம் முழுத் தொகுப்பை வைத்திருக்கிறது என்று விசாரியுங்கள். யாரிடமும் இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். 1973-க்கு முந்தைய சட்டங்களின் ஆங்கிலச் சிறப்புப் பதிப்பு இருந்தால் அதைக் கண்டிப்பாகக் கழிக்காதீர்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் சேரும்வரை ஆங்கிலம் ஒன்றிய மொழியே இல்லை, அந்தச் சட்டங்களின் அதிகாரபூர்வ ஆங்கில வாசகம் அந்தத் தொகுதிகளில்தான் அச்சானது. சி வரிசையில் பெரும்பகுதியை விடலாம். எஸ் வரிசை ஏதாவது மிஞ்சியிருந்தால் தயங்காமல் விடுங்கள். அச்சு அடைவுத் தொகுதிகள் இடத்தை அடைக்கும், தகவலுக்கு இனி தேவையில்லை, ஆனால் ஒரே ஓர் ஆண்டின் தொகுதியை மட்டும் மாணவர்களுக்குக் காட்ட வைத்திருங்கள். அந்த இருபது அத்தியாயங்களின் வரிசை எண்கள் யூர்-லெக்ஸின் பொருள் அடைவில் இன்னும் மாறாமல் இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாடம் சட்டென்று விளங்கும்.